ஜான் செல்டனின் நூலகம்: அலமாரி எண்ணை மட்டும் நம்பலாமா?

#1 பழுப்புத்தாள்

17ஆம் நூற்றாண்டு ஆங்கில வழக்கறிஞர்களில் சொந்த நூலகம் பெருமளவு தப்பியவர்களில் ஒருவர் ஜான் செல்டன் (1584–1654). லண்டனின் வழக்கறிஞர் சங்கங்களில் ஒன்றான இன்னர் டெம்பிளில் படித்து 1612இல் வழக்கறிஞரானார். பல முறை நாடாளுமன்ற உறுப்பினர், 1640இல் கூடிய 'நீண்ட நாடாளுமன்றத்தில்' ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் பிரதிநிதி. 1621இலும் 1629இலும் சிறை. லண்டன் வைட்ஃபிரையர்ஸ் வீட்டில் அவர் சேர்த்து வைத்திருந்தவற்றில் சுமார் 8,000 தொகுதிகள் 1659இல் ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்துக்குப் போயின.

கேள்வி இதுதான். அங்கே அலமாரி எண்ணின் கடைசியில் 'செல்ட்.' என்று வரும் நூல்களையெல்லாம் எடுத்து வரிசைப்படுத்தினால் அவருடைய நூலகப் பட்டியல் கிடைத்துவிடுமா? கிடைக்கும் என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் சந்தேகம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 சுவடிக்காரன்

அது வெறும் தொடக்கப் பட்டியல். அதற்கு மேல் அதை நம்பக் கூடாது.

அந்த எண் எப்படி அமைகிறது என்று முதலில் பார்க்கலாம். '8° இசட் 33 மெட். செல்ட்.' மாதிரியான எண்ணில் 8° என்பது நூலின் அளவு, அதாவது ஆக்டேவோ (தாளை எட்டு இலையாக மடித்த சிறிய அளவு). 4° என்றால் குவார்ட்டோ (நான்கு இலையாக மடித்தது). நடுவில் வரும் எழுத்தும் எண்ணும் தட்டையும் இடத்தையும் காட்டும். அடுத்தது துறை: இறையியலுக்கு 'தி.', சட்டத்துக்கு 'ஜூர்.', மருத்துவத்துக்கு 'மெட்.', மற்றதெல்லாம் 'ஆர்ட்.'. கடைசியில்தான் செல்டன் பெயர்.

இதில் அளவும் துறையும் தட்டும் போட்லியன் கொடுத்தவை. செல்டன் வீட்டில் எந்த நூலுக்குப் பக்கத்தில் எது இருந்தது என்பதற்கு இந்த எண்ணில் ஒரு துப்பும் கிடையாது. எபிரேய நூல் ஒன்றைப் படிக்கும்போது அவர் கையெட்டும் தூரத்தில் வைத்திருந்த ஃபோலியோ (ஒரே மடிப்பிலான பெரிய நூல்), ஆக்ஸ்ஃபோர்ட் வந்ததும் அளவை வைத்து வேறு தட்டுக்குப் போயிருக்கும். 'செல்டனின் நூல் வரிசை' என்று யாராவது வரைபடம் போட்டுக் காட்டினால், அவர் பார்த்தது நூலகர் தாமஸ் பார்லோவின் வரிசையை.

இன்னொன்று, அலமாரி எண் நூல் இருந்த இடத்தைச் சொல்லுமே தவிர யாருடையது என்று சொல்லாது. தட்டில் இடமிருந்தால் பின்னால் வந்த நூலையும் நூலகர் அங்கே செருகுவார். செல்டன் நூல் வேறு எண்ணுக்கு மாறுவதும் உண்டு. ஆகவே இரண்டு பக்கமும் பிழை வரும்.

#3 வக்கீல்மேசை

அதற்கும் முன்னால், ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போனது எது என்பதையே பிரித்துப் பார்க்கணும். உயிலைப் படிக்காமல் இந்த நூலகத்தைப் பற்றிப் பேச முடியாது.

11 ஜூன் 1653 தேதியிட்ட உயிலில், பல்கலைக்கழகத்துக்கு என்று நேரடியாக எழுதியது கீழைமொழிச் சுவடிகள், கிரேக்கச் சுவடிகள், தால்முத் (யூதச் சட்ட விளக்க நூல்), ரபிகளின் (யூத மதகுருக்களின்) நூல்கள் போன்றவற்றைத்தான். மற்றதை நிறைவேற்றுநர் நால்வர் பொறுப்பில் விட்டார்: எட்வர்ட் ஹேவர்ட், ஜான் வான், மேத்யூ ஹேல், ரோலண்ட் ஜுக்ஸ். விற்றுச் சிதறடிக்காமல் பொருத்தமான நூலகம் ஒன்றில் சேர்க்க வேண்டும் என்பது அவர் விருப்பம்.

அவர்கள் முதலில் நினைத்தது இன்னர் டெம்பிளை. செல்டன் படித்த இடம், வழக்கறிஞர்களின் இடம், இயல்பான முடிவுதான். ஆனால் நூல்களை வைக்கத் தனிக் கட்டடம் வேண்டுமே. அது எழவே இல்லை. அவர் இறந்து ஐந்து ஆண்டு கழித்துத்தான் 1659இல் ஆக்ஸ்ஃபோர்ட் முடிவானது. தனித் தொகுப்பாக வைக்க வேண்டும், சங்கிலியிட வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்தார்கள்.

எல்லாமே அங்கே போகவில்லை. ஹேல் 1676இல் இறந்தபோது தன் சுவடிகளை இன்னொரு வழக்கறிஞர் சங்கமான லிங்கன்ஸ் இன்னுக்கு எழுதிவைத்தார், அவற்றில் செல்டனிடமிருந்து வந்தவையும் இருக்கின்றன. மடங்களின் பதிவேடுகள் முதலிய வரலாற்றுச் சுவடிகள் எட்டுப் பெட்டி நிறைய நிறைவேற்றுநர்களிடம் இருந்து, டெம்பிள் பகுதித் தீவிபத்தில் அழிந்தன என்று பழைய வாழ்க்கைக் குறிப்புகள் சொல்கின்றன. அந்தப் பகுதியில் தீ புதிதல்ல. 1679 ஜனவரியில் மிடில் டெம்பிள் எரிந்தபோது பழம்பொருள் சேகரிப்பாளர் எலியாஸ் ஆஷ்மோலின் சேகரிப்பிலும் பெரும்பகுதி போயிற்று.

ஆக, சட்ட வரலாற்றுக்கு ஆதாரமான ஆவணப் பகுதிதான் அதிகம் இழப்புக்கு ஆளானது. மிஞ்சியதை வைத்து 'செல்டனுக்குச் சட்டத்தைவிடக் கீழைமொழிகளில்தான் ஆர்வம்' என்று தீர்ப்பு எழுதுவது அவசரம்.

#4 பழுப்புத்தாள்

>> தனித் தொகுப்பாக, சங்கிலியோடு…

ஆயிரம் பவுண்டு பிணைப்பத்திரம் கேட்டதால் கோபித்துக்கொண்டு ஆக்ஸ்ஃபோர்டை உயிலிலிருந்து வெட்டிவிட்டார் என்ற கதை உண்மையா?

#5 வக்கீல்மேசை

பாதி உண்மை. தொகைதான் பத்து மடங்கு ஊதிவிட்டது.

போட்லியனில் நூலை வெளியே கொடுப்பதில்லை என்பது நிறுவனர் போட்ட சட்டம். 1645இல் முதலாம் சார்லஸ் ஒரு நூல் கேட்டு ஆள் அனுப்பினார். நூலகர் ஜான் ரூஸ் சட்டத்தைக் காட்டினார், அரசர் பேசாமல் ஒத்துக்கொண்டார். 1654இல் நாட்டை ஆண்ட கிராம்வெல் போர்த்துகல் தூதருக்காக ஒரு சுவடி கேட்டபோது பார்லோவும் அதையேதான் செய்தார்.

செல்டனுக்கு உண்மையில் சலுகைதான் கிடைத்தது. 1654 ஆகஸ்டில் பல்கலைக்கழகப் பேரவை, பரோச்சி, ரோ, டிக்பி ஆகிய மூன்று சுவடித் தொகுப்புகளிலிருந்து அவர் இரவல் பெறலாம் என்று அனுமதித்தது. ஒரு நேரத்தில் மூன்றுக்கு மேல் கூடாது. ஒவ்வொன்றுக்கும் 100 பவுண்டு பிணை. ஓராண்டுக்குள் திருப்ப வேண்டும். அரசருக்கே மறுத்த இடத்தில் இது பெரிய விட்டுக்கொடுப்பு. ஆனால் அவர் அப்போது நோயாளி, அந்த நவம்பரிலேயே இறந்துவிட்டார். பிணை கேட்டது அவருக்கு உறைத்திருக்கலாம்.

பிறகு நிறைவேற்றுநர்கள், 'நாங்கள் நிறைவேற்ற வேண்டியது அவர் உயிலைத்தான், கோபத்தை அல்ல' என்று சொல்லி ஆக்ஸ்ஃபோர்டுக்கே கொடுத்தார்கள் என்று ஹேலின் வாழ்க்கையை எழுதிய கில்பர்ட் பர்னெட் சொல்கிறார். நால்வரில் இருவர், ஹேலும் வானும், பின்னாளில் தலைமை நீதிபதிகள். அப்படிப் பேசக்கூடியவர்கள்தான்.

#6 நூற்கட்டு

சங்கிலி விஷயம் வந்ததால் சொல்கிறேன். செல்டன் நூலை அடையாளம் காண அதுவும் உதவும், தப்பான வழியிலும் கூட்டிப்போகும்.

போட்லியனில் செல்டன் எண்ட் என்கிற மேற்குப் பகுதியை 1630களில் கட்டத் தொடங்கி 1640 வாக்கில் முடித்தார்கள். செல்டனின் நூல்கள் வருவதற்கு இருபது ஆண்டு முன்பே கட்டடம் தயார், பெயர் பிறகு வந்தது. சுவரோடு சேர்ந்த உயர்ந்த தட்டுகள், மேலே மாடம். கீழ்த்தட்டில் ஃபோலியோக்கள் சங்கிலியோடு. சிறிய அளவு நூல்கள் மேலே, சங்கிலியில்லாமல், நூலகர் எடுத்துக் கொடுப்பார்.

சங்கிலியிடும் முறை இது. நூலின் முன்பக்கத்து அட்டை ஓரத்தில், முதுகுக்கு எதிர்ப்புறம், ஒரு உலோகப் பட்டையை மடித்து ஆணி அறைவார்கள். அதில் சங்கிலி. சங்கிலியின் மறுமுனை வளையம் தட்டின் முன்னால் ஓடும் இரும்புக் கம்பியில் நழுவும். கம்பியின் முனையில் பூட்டு. இதனால் நூலை முதுகு உள்ளே, தாள் விளிம்பு வெளியே தெரியும்படிதான் வைக்க முடியும். முதுகை வெளியே வைத்தால் ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் சங்கிலி நூலைச் சுற்றி முறுக்கிக்கொள்ளும். அடையாள எண்ணைத் தாள் விளிம்பிலேயே மையால் எழுதியதும் அதனால்தான்.

சேதம் எங்கே வரும்? ஆணி அறைந்த இடத்தில் அட்டை பிளக்கும். இரும்பு துருப்பிடித்து முதல் இரண்டு மூன்று தாளில் பழுப்புக் கறை இறங்கும். பக்கத்து நூலின் தோலைச் சங்கிலி சுரண்டும். 1757இல் சங்கிலிகளைக் கழற்றத் தொடங்கினார்கள். 1761இல் 1,448 நூல்களுக்குக் கழற்றுக்கூலி கொடுத்த கணக்கு இருக்கிறது, நூலுக்கு அரைப்பென்னி.

இப்போது எச்சரிக்கை. ஆணித் துளையும் துருக்கறையும் 'இது போட்லியனில் சங்கிலியில் இருந்த ஃபோலியோ' என்று மட்டும்தான் சொல்லும். அங்கே எல்லா ஃபோலியோவும் அப்படித்தான் இருந்தது. துளை இல்லாத குவார்ட்டோ செல்டனுடையது அல்ல என்றும் சொல்ல முடியாது, ஏனென்றால் அதற்குச் சங்கிலியே போட்டிருக்க மாட்டார்கள். மறுகட்டு செய்த நூலில் பழைய அட்டையே இருக்காது, தாளில் உள்ள கறை மட்டும் மிஞ்சும். அதனால் கறையின் உயரத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பட்டை இருந்த இடம் அதிலிருந்து தெரியும்.

#7 சுவடிக்காரன்

உண்மையான சாட்சி தலைப்புப் பக்கத்தில் இருக்கிறது. செல்டன் தன் நூல்களில் கிரேக்கத்தில் ஒரு முழக்கம் எழுதுவார்: 'பெரி பன்டோஸ் தேன் எலெவ்தெரியன்'. எல்லாவற்றுக்கும் மேலாக விடுதலை. இரண்டு முறை சிறை போனவரின் கையில் இந்த வரியைப் பார்ப்பது தனி அனுபவம்.

வேலைக்கு வருவோம். முழக்கம் பக்கத்தின் ஓரத்தில் இருந்தால் மறுகட்டின்போது விளிம்பு வெட்டியதில் பாதி எழுத்து போயிருக்கும். எழுத்துகளின் கீழ்ப்பாதி மட்டும் மிஞ்சிய நூலை முழக்கமே இல்லாதது என்று ஒதுக்கிவிடாதீர்கள், உருப்பெருக்கியில் பாருங்கள். பல சிறு நூல்களைச் சேர்த்துக் கட்டிய தொகுதியில் முதல் நூலில் மட்டும் முழக்கம் இருந்தாலும் வியப்பில்லை. பின்னால் அந்தக் கட்டைப் பிரித்திருந்தால் மற்றவை அநாதையாகிவிடும். அப்போது விளிம்பில் வரும் புழுத் துளைகளும் நீர்க்கறைகளும் தொடர்ச்சியாகப் பொருந்துகின்றனவா என்றுதான் பார்க்க வேண்டும்.

இன்னொரு சுவை. கவிஞர் ஜான் டன் 1631இல் இறந்த பிறகு அவர் நூல்கள் பல செல்டனிடம் வந்தன. டன் தன் பெயரைத் தலைப்புப் பக்கத்தின் கீழே வலது மூலையில் எழுதுவார். மேலே பெட்ரார்க்கின் இத்தாலிய வரி ஒன்று: ராகேலுக்காகவே உழைத்தேன், லேயாளுக்காக அல்ல. அதே பக்கத்தில் செல்டனின் கிரேக்க வரியும் இருந்தால் இரண்டு உரிமையாளர்களும் வரிசையும் உறுதி. போட்லியனில் உள்ள டன்னின் நூல்களில் பல இந்த வழியாக வந்தவைதான். செல்டனின் பெயரில் மட்டும் பதிவுசெய்தால் டன் காணாமல் போவார். இரண்டு பெயரையும் முன்னாள் உரிமையாளர் புலத்தில் தனித்தனியாகப் போடுங்கள்.

#8 கடலாடி

சுவடிகளையும் மறந்துவிடாதீர்கள். 'ஆர்ச். செல்டன் ஏ. 1' என்றால் அது மெண்டோசா சுவடி, 1540களில் மெக்சிகோவில் ஸ்பானியருக்காக வரைந்தது. பிரெஞ்சுப் புவியியலாளர் ஆந்திரே தெவே அதில் தன் பெயரோடு 1553 என்று எழுதியிருக்கிறார். அவரிடமிருந்து ஆங்கிலப் பயணநூல் தொகுப்பாளர் ரிச்சர்ட் ஹக்லூட், அடுத்து அதே பணி செய்த சாமுவேல் பர்ச்சஸ். பர்ச்சஸ் 1625இல் அதிலிருந்து மரக்கட்டை அச்சுப் படங்கள் போட்டார். பிறகுதான் செல்டன். அடுத்த எண் 'ஏ. 2' மெக்சிகோவின் மிஷ்டெக் மக்களின் மான்தோல் மடிப்புச் சுவடி. அதன் வெள்ளைப் பூச்சுக்கு அடியில் இன்னொரு பழைய படவரிசை இருப்பது 2016இல் மீநிறமாலைப் (hyperspectral) படமெடுப்பில் தெளிவானது. சாதாரண எக்ஸ்-கதிரில் சரியாகத் தெரியாது, அந்த நிறங்கள் பெரும்பாலும் தாவரச் சாயம்.

பிரபலமானது சீன வரைபடம், 'செல்டன் சூப்ரா 105'. சுமார் 160 சென்டிமீட்டர் நீளம், 96 அகலம். உயிலிலேயே தனியாகக் குறிப்பிட்டிருக்கிறார்: சீனாவில் செய்த வண்ண வரைபடம், அவர்கள் செய்த கடல் திசைகாட்டி, இரண்டையும் ஓர் ஆங்கிலேயக் கப்பல் தலைவர் கைப்பற்றினார், நல்ல பணயத் தொகை தருவதாகச் சொல்லி எவ்வளவோ கெஞ்சியும் திருப்பிக் கொடுக்கவில்லை. திசைகாட்டி இப்போது ஆக்ஸ்ஃபோர்டின் அறிவியல் வரலாற்று அருங்காட்சியகத்தில்.

2008இல் வரலாற்றாய்வாளர் ராபர்ட் பேச்சலர் கேட்டு எடுக்கும்வரை அதன் முக்கியத்துவம் யாருக்கும் உறைக்கவில்லை. சீனாவின் ஃபூஜியன் கரையிலிருந்து கிளம்பும் கப்பல் பாதைகள் கோடாக வரைந்திருக்கின்றன. மேற்குக் கோடியில் கள்ளிக்கோட்டை, அங்கிருந்து ஏடனுக்கும் ஹோர்முஸுக்கும் போகும் வழி எழுத்தில் மட்டும். பழுதுபார்ப்பில் நடந்ததுதான் பாடம்: பின்னாளில் ஒட்டிய கெட்டித் துணி தாளை இழுத்துப் பிளக்கவைத்திருந்தது. அதை உரித்தபோது பின்புறத்தில் அதே பாதைகளின் முதல் வரைவுக் கோடுகள் தெரிந்தன. முன்பக்கத்தை மட்டும் படமெடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிடக் கூடாது.

#9 தீர்ப்புத்திரட்டு

எல்லாம் சரி. ஆனால் மெக்சிகோ, சீனா, தால்முத் என்றே போகிறோம். இது வழக்கறிஞரின் நூலகம்தானா? ஒப்பிட எட்வர்ட் கோக்கை எடுங்கள்.

கோக் (1552–1634) அரசுத் தலைமை வழக்கறிஞர், இரண்டு நீதிமன்றங்களின் தலைமை நீதிபதி, 1628 உரிமை மனுவின் முன்னணி ஆள். சாவதற்குச் சில ஆண்டுகள் முன்பு அவர் நூல்களுக்குத் தோல்தாளில் நீள உருளையாக ஒரு பட்டியல் எழுதினார்கள். ஆயிரத்து இருநூறுக்கு மேல் பதிவுகள். அது இப்போது நார்ஃபோக் ஹோல்கம் மாளிகையில். முதலில் இறையியல், அதன் பிறகு இங்கிலாந்துச் சட்டம், பிறகு மற்றவை. இத்தாலிய நூல்களில் பல கோக் வாங்கியவை அல்ல. கிறிஸ்டோபர் ஹாட்டனின் நூல்கள், இரண்டாம் மனைவி எலிசபெத் ஹாட்டன் வழியாக வந்தவை. இதை மறந்துவிட்டுக் கோக்கின் இத்தாலிய ரசனை பற்றிக் கட்டுரை எழுதுகிறார்கள்!

கோக் எப்படிப் படித்தார் என்பதற்கு ஒரு நூல் போதும். ஃபிரான்சிஸ் பேக்கன் 1620இல் வெளியிட்ட 'நோவும் ஆர்கனும்' பிரதியை அவருக்கே அனுப்பினார். தலைப்புப் பக்கத்தில் தூண்களுக்கு நடுவே கப்பல் போகும் செதுக்குப்படம். கோக் அதில் 'ஆசிரியர் கொடுத்தது' என்று குறித்துவிட்டு, 'முதலில் சட்டத்தையும் நீதியையும் சீர்செய்' என்று லத்தீனில் புத்தி சொல்லி, கப்பலுக்கு மேல் ஆங்கிலத்தில் இரண்டு வரி: பள்ளியில் படிக்கத் தகாது, முட்டாள்களின் கப்பலில் ஏற்றத்தான் தகும். பேக்கனும் அவரும் வாழ்நாள் எதிரிகள், தெரிந்ததுதான்.

செல்டனின் நூல்களில் இப்படியான நீதிமன்ற நெடி எனக்குத் தெரியவில்லை.

#10 வக்கீல்மேசை

தீர்ப்புத்திரட்டு ஐயா, இரண்டு பேரும் செய்த வேலையே வேறு. கோக் தீர்ப்புகளைத் திரட்டினார், அவருக்கு ஆண்டேடுகளும் (பழைய வழக்குக் குறிப்புகள்) லிட்டில்டனின் நிலச்சட்ட நூலும் போதும். செல்டன் ஒரு சட்டம் எங்கிருந்து வந்தது என்று தேடியவர். 1618இல் தசமபாக (திருச்சபைக்குத் தரும் பத்திலொரு பங்கு) வரலாறு எழுதியபோது அது கடவுள் விதித்ததா, மனிதர் போட்டதா என்பதற்கு மடப் பதிவேடுகளும் பழைய சாசனங்களும் வேண்டியிருந்தது. அதற்காகவே அவரை விசாரித்து வருத்தம் தெரிவிக்க வைத்தார்கள். 1635இல் கடல் உரிமை பற்றி டச்சுச் சட்ட அறிஞர் க்ரோஷியஸுக்கு மறுப்பாக 'மாரே கிளாஸும்' (மூடிய கடல்) எழுதினார். அந்தக் கண்ணால் பார்த்தால் சீனக் கடல் வரைபடம் அவர் கையில் இருந்ததில் ஆச்சரியமில்லை. திருமணச் சட்டத்துக்கு 1646இல் 'உக்சர் எப்ராயிகா' (எபிரேய மனைவி), அதற்குத்தான் தால்முத். 1629இல் சிறையில் இருந்துகொண்டே வெஸ்ட்மின்ஸ்டர் நூலகத்துத் தால்முத் கிடைக்குமா என்று சுவடிச் சேகரிப்பாளர் ராபர்ட் காட்டனுக்கு எழுதினார்.

இதில் கவனிக்க வேண்டியது, அவர் பயன்படுத்தியதில் பெரும்பங்கு அவர் வீட்டிலேயே இல்லை. காட்டன் நூலகத்திலிருந்து எடுத்துப் படித்தார், 1629இல் அரசர் அதைப் பூட்டினார். சொந்த நூல்களை மட்டும் வைத்து அவர் வாசிப்பை அளக்கவே முடியாது.

#11 தீர்ப்புத்திரட்டு

காட்டன் விஷயத்தை ஏற்கிறேன். இருந்தாலும் 'கடல் வரைபடம் கடல் உரிமை ஆய்வுக்காக வாங்கியது' என்பதற்குச் சான்று இல்லை. 'மாரே கிளாஸும்' சீனக் கடல் பற்றியது அல்ல. ஆர்வத்தால் வாங்கினார் என்றே நான் வைத்துக்கொள்வேன்.

#12 நூற்கட்டு

8,000 என்ற எண்ணைப் பற்றி ஒன்று. அது தொகுதிகளின் கணக்கு. பத்துத் துண்டுப்பிரசுரம் சேர்த்துக் கட்டினாலும் தொகுதி ஒன்றுதான். கோக்கின் உருளையில் இருப்பது பதிவு. நாட்குறிப்பாளர் சாமுவேல் பீப்ஸ் 3,000 தொகுதிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டவர், அதற்காகப் பழையதைத் தள்ளவும் செய்தார். மூன்றையும் ஒரே அட்டவணையில் போட்டுப் பெரிது சிறிது சொன்னால் கணக்கே தப்பு.

இறக்கி அடுக்கிய வேலையைப் பற்றியும் நேரடிச் சாட்சி இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்ட் வரலாற்றாளர் அந்தோணி வுட் பல வாரம் பார்லோவோடு சேர்ந்து நூல்களைப் பிரித்து, மாடிக்குத் தூக்கி, தட்டில் வைத்தார். சில நூல்களைத் திறந்தபோது உள்ளே மூக்குக்கண்ணாடிகள்! படித்த இடத்தில் அடையாளத்துக்கு வைத்து மறந்துபோனவை. ஒன்றை பார்லோ வுட்டுக்குக் கொடுத்தார், அவர் சாகும்வரை வைத்திருந்தார். எந்தப் பக்கத்தில் இருந்தது என்று ஒரு வரி எழுதிவைத்திருக்கலாம், மனுஷன்.

#13 பழுப்புத்தாள்

நன்றி. அப்படியானால் பட்டியலை எந்த வரிசையில் செய்வது?

#14 சுவடிக்காரன்

இப்படிச் செய்யுங்கள். தாமஸ் ஹைட் 1674இல் அச்சிட்ட போட்லியன் பட்டியலில் 'செல்ட்.' வரும் பதிவுகளை முதலில் எடுங்கள். இன்றைய கணினிப் பட்டியலைவிட அது நூல்கள் வந்துசேர்ந்ததற்கு 15 ஆண்டுதான் பின்னால். பிறகு 1659க்குப் பிறகு அச்சானவற்றை நீக்குங்கள். 1654க்குப் பிறகு அச்சானதும் அவருடையதாக இருக்க முடியாது, ஆனால் 1654 தேதியுள்ளதை விட்டுவையுங்கள், நவம்பர்வரை உயிரோடு இருந்தார். அவர் செலவில் அரபு மொழியறிஞர் எட்வர்ட் போகாக் பதிப்பித்த யூட்டிகியஸின் அரபு வரலாறு 1658–59 என்பதால் அவர் நூல் வரிசையில் சேராது. இந்தப் பொறியில் விழுபவர்கள் உண்டு.

அடுத்து இன்றைய பட்டியலில் செல்டனை முன்னாள் உரிமையாளராகக் குறித்த பதிவுகளை எடுத்து ஒப்பிடுங்கள். இரண்டிலும் இருப்பது ஒரு பெட்டி. எண் மட்டும் இருந்து முழக்கம் குறிக்காதது இரண்டாவது, இவற்றைக் கையில் எடுத்துப் பார்க்காமல் நகர்த்தாதீர்கள். வேறு எண்ணில் இருந்து முழக்கம் உள்ளது மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் சாட்சியை எழுதுங்கள்: முழக்கம், முந்தைய உரிமையாளர், எண், கறை. 'செல்டன் நூல்: ஆம்' என்று ஒற்றைச் சொல்லில் பதிந்தால் அடுத்து வருபவர் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

#15 வக்கீல்மேசை

நான்காவது பெட்டியும் வைத்துக்கொள்ளுங்கள்: லிங்கன்ஸ் இன்னில் ஹேலின் தொகுப்பில் உள்ளவை. போட்லியன் பட்டியலை மட்டும் சலித்தால் அவை சிக்கவே சிக்காது.